பேங்குக்கு என்று வாங்கிய கடிதம்

எங்கள் லேத் பட்டறையில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு: ஹாஜ் தாஹர் எந்த மெஷினையும் பாராட்டக் கூடாது. முதலாளிதான், நல்ல மனுஷர்தான், ஆனால் கொள்ளிக் கண்காரர். ஒரு திங்கட்கிழமை டிரில்லிங் மெஷினின் முதுகில் தட்டி, பதினாறு வருஷமாக இது ஒரு நாள்கூட நின்றதில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். செவ்வாய்க்கிழமை மோட்டார் புகைந்தது. அதற்கப்புறம் அவர் எதையாவது மெச்ச வாயெடுத்தாலே நாங்கள் முந்திக்கொண்டு 'மாஷா அல்லாஹ்' சொல்லிவிடுவோம், கண் படாமல் இருக்கட்டும் என்று. புது லேத் வந்த அன்று அவரே மீன் சந்தைக்குப் போய்ப் பெரிய மீன் வாலாகப் பார்த்து வாங்கிவந்து, கண் படாமலிருக்க அதற்கு மேலே ஆணியடித்து மாட்டினார். தன் கண்ணைப் பற்றி அவருக்கே அத்தனை பயம்.

இதை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. மூன்று வருஷம் நான் அவரிடம் வாயைத் திறக்காமல் இருந்ததற்கு இந்தக் கண்ணைத்தான் சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நான் லொத்ஃபி, லேத்தில் இரும்பு கடைகிறவன். டர்னர். ஸ்ஃபாக்ஸ் ஊரில் ஆலிவ் எண்ணெய் ஆலை எதில் ஷாஃப்ட் உடைந்தாலும், மீன்பிடிப் படகு எதில் புஷ் தேய்ந்தாலும், அது ஹாஜ் தாஹரின் பட்டறைக்குத்தான் வரும். வந்தால் என் லேத்தில்தான் ஏறும். பதினான்கு வருஷமாக அப்படி. நகக்கண்ணில் ஏறிய எண்ணெய்க் கறுப்பு எலுமிச்சை தேய்த்தாலும் போகாது. என் மனைவி ஸல்வா, கூட்டத்தில் என்னைத் தொலைத்தால் கையைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவேன் என்பாள்.

முப்பத்தாறு வயதில் நாங்கள் கனடாவுக்கு மனுப் போட முடிவு செய்தோம். தொழில் தெரிந்தவன் குடும்பத்தோடு வந்து குடியேறலாம் என்கிற வழி. எங்கள் வட்டாரத்தில் பாதிப் பேர் அந்த வழியில்தான் கண் வைத்திருந்தார்கள், யாரும் யாரிடமும் சொல்வதில்லை. விசா முத்திரை விழும்வரை வெளியே விடக் கூடாது. விட்டால் ஊர்க் கண் பட்டுக் காரியம் கெடும். ஒருவன் ஊரைவிட்டுப் போனது, அவன் வீட்டுக் கதவில் வேறொருவன் பெயரைப் பார்த்துத்தான் எங்களுக்குத் தெரியவரும்.

எல்லாம் மதிப்பெண் கணக்கு. படிப்புக்கு இவ்வளவு, அனுபவத்துக்கு இவ்வளவு, பிரெஞ்சுக்கு இவ்வளவு. மழலையர் பள்ளியில் வேலை பார்த்த ஸல்வாவும் என்னோடு உட்கார்ந்து மொழித் தேர்வு எழுதினாள், என்னைவிட அதிகம் வாங்கினாள், அதை இன்றுவரை சொல்லிக் காட்டுகிறாள். வயசுக்குத்தான் தலைகீழ் நியாயம். முப்பதுக்கு மேல் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் குறைத்துக்கொண்டே வருவார்கள். நாற்பத்தைந்தில் சைபர். அதனால் எங்கள் வீட்டில் என் பிறந்தநாளுக்கு இனிப்புச் செய்வது நின்றுபோயிற்று.

வேறு பலதும் நின்றுபோயிற்று. சமையலறைக் குழாய் சொட்டியது. சொட்டட்டும், போகிறவர்களுக்கு எதற்குப் புதுக்குழாய். ஃப்ரிட்ஜ் கதவைக் கயிறு போட்டுக் கட்டினோம். கூடத்து ஜன்னலுக்குத் திரைச்சீலை கிழிந்த பிறகு பழைய படுக்கை விரிப்பை ஆணியடித்துத் தொங்கவிட்டோம். என் அக்கா ரமலான் பெருநாளுக்கு வந்தவள், உப்பு மீனும் வெங்காயமும் உலர்திராட்சையும் வதக்கிய ஷர்மூலாவும் சாப்பிட்டுக்கொண்டே அந்த விரிப்பைப் பார்த்து, உங்களுக்கு என்ன கஷ்டம் என்று ஸல்வாவின் காதில் கேட்டாள். ஸல்வா சிரித்து மழுப்பினாள். பன்னிரண்டு வயது மகள் யுஸ்ராவுக்கும் கடும் உத்தரவு: உன் உயிர்த்தோழி மயாருக்குக்கூடத் தெரியக் கூடாது. மூன்று வருஷம் அந்தக் குழந்தை வாயைக் கட்டிக்கொண்டிருந்தது. இப்போது நினைத்தால் எனக்கு அதுதான் முதலில் வலிக்கிறது.

மனுவுக்கு முக்கியமான தாள், வேலை கொடுத்தவரின் கடிதம். என்ன வேலை, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், என்னென்ன கடைகிறான், எந்த அளவுக்குத் துல்லியம், எல்லாம் விவரமாக வேண்டும். கீழே கையெழுத்து, முத்திரை, தொலைபேசி எண். அதைக் கேட்க வேண்டிய அன்று காலையில் ஸல்வா என் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டுக்கொண்டே, ஹாஜ் ஒருத்தர்கிட்ட மட்டும் உண்மையைச் சொல்லிவிடு என்றாள். அவர் கண் தெரியாதா உனக்கு என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அவளுக்குத் தெரியும். கண் எல்லாம் வெறும் பேச்சு. தினம் காலையில் எனக்கும் சேர்த்து இரண்டு காப்பி வாங்கி வைத்துக்கொண்டு காத்திருக்கிற மனுஷரிடம், உங்களை விட்டுப் போகப் பார்க்கிறேன் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அவ்வளவுதான்.

கடிதத்தை நானே தட்டச்சு செய்து கொண்டுபோனேன். வீட்டுக்கு மேலே ஒரு மாடி எடுக்கப் பேங்கில் கடன் கேட்டிருப்பதாகச் சொன்னேன். ஹாஜ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரிவரியாகப் படித்தார்.

"நீ எந்த த்ரெட் வெட்டறேன்னு தெரிஞ்சு பேங்க்காரனுக்கு என்னடா ஆகப்போவுது?"

"இப்பல்லாம் அப்படித்தான் கேக்கறாங்க ஹாஜ்."

"வாரத்துக்கு எத்தனை மணி நேரம்னு வேற கேக்கறான். கடன் குடுக்கப் போறானா, பொண்ணு குடுக்கப் போறானா?"

சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். முத்திரையை இரண்டு தடவை ஊதி அழுத்தமாகக் குத்தினார். மாடி எடுப்பது நல்ல காரியம், இரும்புக் கம்பி நீட்டிக்கொண்டிருக்கிற வீடு பார்க்க நன்றாக இல்லை, யுஸ்ரா கல்யாணத்துக்கு உதவும் என்று சொல்லிக்கொண்டே போனார். நான் இந்த ஊரில் வேர் விடுகிறேன் என்று அவருக்கு அத்தனை சந்தோஷம். நான் அந்தக் கடிதத்தை அவசரமாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன்.

மனு போயிற்று. மருத்துவப் பரிசோதனைக்குத் தலைநகர் துனிஸ் வரை போய்வந்தோம். அக்காவிடம் கடலில் குளிக்கப் போனதாகச் சொன்னோம். எல்லாம் ஒழுங்காக நகர்ந்தது. ஸல்வா ஒரு நாள் கடையில் குழந்தைகளுக்கான கம்பளிக் கையுறையை எடுத்துப் பார்த்தாள், எங்கள் வெயிலுக்கு அதை வாங்கினால் காட்டிக்கொடுத்துவிடும் என்று வைத்துவிட்டு வந்தாள்.

நவம்பரில், ஆலிவ் ஆட்டும் ஆலைகள் எல்லாம் ஒரே நேரத்தில் ஷாஃப்டை உடைத்துக்கொண்டு வருகிற பருவத்தில், ஒரு காலை நான் பட்டறைக்குள் நுழையும்போதே ஹாஜ் எழுந்து வந்தார். முகமெல்லாம் வெளிச்சம்.

"உன் லோன் முடிஞ்சுதுன்னு வெச்சுக்கோ. நேத்து நீ போனப்புறம் பேங்க்லேர்ந்து ஒரு பொண்ணு ஃபோன் பண்ணிச்சு."

எந்தப் பேங்க் என்று கேட்டேன்.

"எங்கேர்ந்துன்னு அது ஏதோ சொல்லிச்சு, நான் எங்க நின்னு கேட்டேன். 'நீங்க லொத்ஃபிக்குக் குடுத்த லெட்டர் விஷயமா'ன்னு ஆரம்பிச்சுது. நான் குடுத்தது ஒரு லெட்டர்தானே. அவர் டர்னராத்தான் வேலை பாக்கறாரான்னு கேட்டுது. டர்னர்னா எவன்டா மாடி கட்டக் கடன் குடுப்பான்? நான் போட்டேன் ஒரு போடு. 'அதெல்லாம் சும்மா எழுத்துக்கு எழுதினதும்மா. அவன் என் மேனேஜர். லேத்தைத் தொட்டு அஞ்சு வருஷம் ஆவுது. நாற்காலியில உக்காந்து மத்தவங்கள வேலை வாங்கறவன்'னேன். அது ரெண்டு தடவை கேட்டுது, நிச்சயமா அவர் லேத் ஓட்டறதில்லையான்னு. சத்தியமா இல்லன்னுட்டேன்."

அவர் கொடுத்த காப்பி என் கையில் இருந்தது. கப்பைச் சுற்றி என் விரல்கள், ஒவ்வொரு நகத்திலும் கறுப்பு. பதினான்கு வருஷத்தில் அவர் என்னை இவ்வளவு பாராட்டியதில்லை.

அந்த நிமிஷம் சொல்லியிருக்க வேண்டும். அவர் உடனே அந்த எண்ணுக்குத் திருப்பிக் கூப்பிட்டிருப்பார், பொய் சொன்னேன் மகளே, கிழவன் தப்புக் கணக்குப் போட்டேன், பேங்க் என்று நினைத்தேன் என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருப்பார், அந்தப் பெண்ணும் சிரித்திருக்கலாம். ஒரு நாள்கூட ஆகவில்லை, ஈரம் காயாத சுவர். நான் என்ன செய்தேன்? நன்றி ஹாஜ் என்றேன். காப்பியைக் குடித்துவிட்டுப் போய் மெஷினை ஓட்டினேன்.

வீட்டில் சொன்னபோது ஸல்வா முதலில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"மாஷா அல்லாஹ் சொன்னாராமா?"

இரண்டு பேரும் சிரித்தோம். வயிறு வலிக்கச் சிரித்தோம். அப்புறம் அவள் அழுதாள், இப்போதே போய்ச் சொல் என்றாள். நான், ஆலைப் பருவம், அவர் தலைக்கு மேல் வேலை, பார்க்கலாம், அந்தப் பெண்ணுக்கே புரிந்திருக்கும் என்று என்னவெல்லாமோ சொன்னேன். கோழைக்குக் காரணங்களுக்குப் பஞ்சமில்லை.

பத்தொன்பதாம் நாள் விசா அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. நீங்கள் தந்த கடிதத்துக்கும் உங்கள் முதலாளி தொலைபேசியில் சொன்னதற்கும் முரண்பாடு உள்ளது, பொய்த்தகவல் தந்ததாகக் கருத இடமிருக்கிறது, முப்பது நாளுக்குள் விளக்கம் தரவும். மரியாதையான கடிதம். முப்பது நாளும் மரியாதையான அவகாசம்தான்.

மறுநாளே சொல்லிவிடுவது என்று போனேன். அன்று ஹாஜுக்கு ரத்தக் கொதிப்பு. அடுத்த நாள் வெள்ளிக்கிழமை, தொழுகைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் இரண்டு ஆலைகள் ஒரே நாளில் நின்றன. அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை, கேட்காமலே தன் சொந்தக்காரக் கொத்தனாரை எங்கள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார், மாடிக்கு அளவெடுக்க. அந்த ஆள் மொட்டைமாடியில் நாடாவைப் பிடித்துக்கொண்டு, படிக்கட்டு இந்தப் பக்கம் வரலாம், யுஸ்ராவுக்கு அறை அந்தப் பக்கம் வரலாம் என்று சொல்ல, நான் நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஸல்வா அவருக்குக் காப்பி கொடுத்தாள். அவர் போனதும் என்னோடு பேசுவதை நிறுத்தினாள்.

அந்த அவகாசத்தின் இருபத்தேழாம் நாள் சொன்னேன். மற்றவர்கள் மதியச் சாப்பாட்டுக்குப் போயிருந்தார்கள். ஹாஜ் மேஜையில் ரொட்டியை ஹரீசா மிளகாய் விழுதில் தொட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் நின்றுகொண்டே முழுதும் சொன்னேன். ரொட்டியைக் கீழே வைத்தார்.

"எத்தனை வருஷமாச்சு?"

"மூணு."

"மூணு வருஷமா தினம் காலையில என்கூட காப்பி குடிச்சிருக்க."

அவர் தட்டைத் தள்ளி வைத்தார்.

"என் கண்ணுக்குப் பயந்தியா?"

"இல்ல ஹாஜ். உங்க மூஞ்சிக்குப் பயந்தேன்."

அவர் கொஞ்ச நேரம் மேஜையில் சிந்திய ரொட்டித்தூளை விரலால் கூட்டிக்கொண்டிருந்தார்.

"என் மூத்தவன் மார்செய்க்குப் போனப்ப ஏர்போர்ட் வரைக்கும் வண்டி ஓட்டினது யாரு? நான்தானே. பெத்த பிள்ளையையே அனுப்பி வெச்சவன், உன்னைப் பிடிச்சு வெச்சுக்குவேன்னு நெனச்சியா? கேட்டிருந்தா அந்தப் பொண்ணுகிட்ட உன் கையைப் பத்தி ஒரு மணி நேரம் பேசியிருப்பேனே."

பிறகு தாள் கொண்டுவரச் சொன்னார். மற்றவர்களை விட்டு எழுதவைக்கவில்லை, தன் கையாலேயே எழுதினார். நான் பேங்க் என்று நினைத்துப் பொய் சொன்னேன். இவன் பதினான்கு வருஷமாக லேத்தில் நிற்கிறான், இவனைப் போன்ற டர்னர் இந்த ஊரில் இல்லை, தவறு என்னுடையது, ஹஜ் செய்துவந்த நான் வெட்கத்தோடு இதை எழுதுகிறேன். ஊரில் யாரும் அவரைப் பொய்யர் என்று சொன்னதில்லை. அதை அவரே எழுதி, கீழே முத்திரை குத்தினார். இந்தத் தடவை ஊதவில்லை.

மொழிபெயர்த்து அனுப்பினோம். மார்ச்சில் பதில் வந்தது. ஒரே ஆள் மூன்று தடவை மாற்றி மாற்றிச் சொல்லியிருக்கிறார், கடைசியாகச் சொன்னதை மட்டும் நம்ப முகாந்திரம் இல்லை. மனு நிராகரிக்கப்பட்டது. ஐந்து வருஷத்துக்கு மறுபடி விண்ணப்பிக்க முடியாது. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். எனக்கு அடுத்த மாதம் நாற்பது. ஐந்தைக் கூட்டிப் பார்க்கப் பெரிய கணக்கு எதுவும் தேவையில்லை.

ஸல்வா கத்துவாள் என்று நினைத்தேன். அவள் பையை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனாள், கூடத்து ஜன்னலுக்குத் திரைச்சீலை வாங்கிவந்தாள். நல்ல கனத்த துணி, பத்து வருஷம் உழைக்கும். ஆணியைப் பிடுங்கி விரிப்பை எடுத்து உதறி மடித்தாள். நான் நாற்காலி மேல் ஏறிக் கம்பியை மாட்டினேன். யுஸ்ரா கீழே நின்று வளையங்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள்.

"இப்பவாவது மயார்கிட்ட சொல்லலாமாப்பா?"

"சொல்றதுக்கு என்னம்மா இருக்கு?" என்றேன்.

அவள் யோசித்துவிட்டு, ஒன்றும் இல்லைதான் என்றாள். எதைக் கெடுத்தேன் என்று எனக்குச் சரியாக உறைத்தது அப்போதுதான்.

ஹாஜ் தாஹர் நடந்ததைப் பற்றிப் பிறகு பேசவே இல்லை. காலைக் காப்பி மட்டும் ஒன்றானது, அதை அவர் தனியாகக் குடித்தார். கோடை கழிந்ததும் ஒரு நாள் கூப்பிட்டு, தன் மேஜைக்கு எதிரே போட்டிருந்த புது மேஜையையும் நாற்காலியையும் காட்டினார். தனக்கு வயசாகிவிட்டது, கணக்கும் ஆட்களும் இனி என் பொறுப்பு, சம்பளம் இவ்வளவு என்றார். நான் தயங்கினேன். லேத்தை யார் பார்ப்பது என்றேன்.

"பக்கத்து மெஷின் ஸப்ரி பாத்துக்குவான். நீ உக்காரு. அன்னைக்கு நான் ஒரு பொய்யச் சொல்லிட்டேன், அதோட சாக விரும்பல. அதை நெசமாக்கிட்டுப் போறேன்."

அந்த மனுஷருக்கு நான் பட்ட கடனுக்கு மறுக்க எனக்கு வாய் ஏது? உட்கார்ந்தேன்.

ஸப்ரி முப்பத்திரண்டு வயசுக்காரன், இரண்டு குழந்தைகள், நல்ல கை. போன வசந்தத்தில் என் மேஜைக்கு முன்னால் வந்து தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். ஒரு கடிதம் வேண்டுமாம். பேங்குக்காம். வாரத்துக்கு எத்தனை மணி நேரம், என்னென்ன கடைகிறான் என்று விவரமாக வேண்டுமாம்.

"எந்தப் பேங்க் ஸப்ரி?"

"வீட்டு லோன்தான் அண்ணே. மேல ஒரு மாடி எடுக்கலாம்னு."

எதிர் மேஜையில் ஹாஜ் கண்ணாடிக்கு மேலாக எங்களைப் பார்த்தார், மறுபடி தினசரியில் குனிந்தார். எனக்குச் சட்டென்று கோபம் வந்தது, ஸப்ரி மேல் அல்ல. சொல்லித் தொலையேன்டா என்று அவன் சட்டையைப் பிடித்து உலுக்கத் தோன்றியது. உலுக்கினாலும் சொல்ல மாட்டான். எனக்குத் தெரியும். கதவைச் சாத்திவிட்டு, நான் இதே கடிதத்தை இதே இடத்தில் வாங்கியவன், எந்த ஊர்ப் பேங்காக இருந்தாலும் என்னிடம் சொல்லலாம் என்றேன். அவன் சிரித்தான். குர்ஆன் மேல் சத்தியமாக வீட்டு லோன்தான் என்றான்.

நான் எழுதிக் கொடுத்தேன். அவன் கேட்டதற்கு மேலேயே எழுதினேன். மணிக்கணக்கு, மெஷின் வகை, த்ரெட் அளவு, ஷாஃப்ட் நீளம், துல்லியம், எதையும் விடவில்லை. அந்தக் கடிதத்தில் என்ன இருக்க வேண்டும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? படித்துப் பார்த்த ஸப்ரியின் காது சிவந்தது. மடித்து வைத்துக்கொண்டான்.

நவம்பரில் தொலைபேசி அடித்தது. நான்தான் எடுத்தேன். ஒரு பெண் குரல், எங்கிருந்து பேசுகிறேன் என்று தெளிவாகச் சொன்னாள். நான் கடைசிவரை கேட்டேன். கம்ப்ரெஸரை நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினேன்.

"ஸப்ரி உங்ககிட்ட டர்னராத்தான் வேலை பாக்கறாரா?"

"ஆமாம்மா. இப்பவும் என் கண்ணு முன்னாடி லேத்திலதான் நிக்கறான். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம். அவன் கடைஞ்சு திருப்பி வந்த வேலைன்னு ஒண்ணு கிடையாது, மாஷா அல்லாஹ்."

"நீங்க யாரு?"

"மேனேஜர்."

"உங்களுக்கு லேத் வேலை தெரியுமா? எப்படி இவ்வளவு உறுதியா சொல்றீங்க?"

"முன்னாடி நானும் அதைத்தான் பண்ணிட்டிருந்தேன்."

"இப்ப?"

"இப்ப தொடறதில்லம்மா. நாற்காலியில உக்காந்து மத்தவங்கள வேலை வாங்கறேன்."

நன்றி சொல்லி வைத்துவிட்டாள். அவள் ஏதோ தாளில் குறித்துக்கொள்கிற சத்தம் கேட்டது போலிருந்தது. ஹாஜ் தினசரியிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"யாரு ஃபோன்ல?"

"பேங்க், ஹாஜ். ஸப்ரி லோன் விஷயமா."

"உள்ளதச் சொன்னியா?"

"சொன்னேன்."

அவர் தலையாட்டினார். கம்ப்ரெஸர் மறுபடி ஓட ஆரம்பித்தது. மேஜை மேல் என் இரண்டு கைகளும் இருந்தன. நகங்கள் சுத்தமாக இருந்தன.